காரின் ரேடியேட்டரும் கூலண்டும்: தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொப்பூர் கணவாயில் சேலம் பக்கமிருந்து தருமபுரிக்கு ஏறும் பாதை, கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகையில் வரும் மேலுமலை ஏற்றம், ஒகேனக்கல்லிலிருந்து பென்னாகரம் திரும்பும் மலைப்பாதை: ரேடியேட்டரில் குறை உள்ள கார் பானட்டைத் திறந்துகொண்டு ஓரம் நிற்பது இப்படிப்பட்ட இடங்களில்தான். சமதரையில் எப்படியோ தாக்குப்பிடித்த வண்டி, ஏற்றத்தில் கைவிட்டுவிடும். அந்தக் குறை பல மாதங்களுக்கு முன்பே ஒரு குடம் போர் தண்ணீரில் ஆரம்பித்திருக்கலாம். அதனால் முதல் கேள்வியே தண்ணீரைப் பற்றியது.

போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றலாமா? வீட்டில் குடிப்பதே அதைத்தானே?

ஊற்றக் கூடாது. வேறு எதுவும் செய்ய நேரமில்லை என்றாலும் இந்த ஒரு பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

இரண்டு மாவட்டங்களும் பாறை நிலம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பல ஊர்களில் கடினநீர்தான். அதில் ஃபுளோரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஆனால் காருக்கு அதைவிடப் பெரிய தொல்லை கால்சியம், மக்னீசியம் உப்புகளும் குளோரைடும். தண்ணீர் சூடேறும்போது கால்சியம் உப்பு பிரிந்து, எங்கே சூடு அதிகமோ அங்கே போய்ப் படியும். வெந்நீர் ஹீட்டர் காயிலில் வெள்ளையாகப் பிடிக்கிற அதே காறைதான். இன்ஜினில் அந்த இடம், சிலிண்டர் ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வுகளைச் சுற்றியுள்ள நீர்ப்பாதை. அலுமினியம் கடத்தும் வெப்பத்தில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கைத்தான் இந்தக் காறை கடத்தும். மெல்லிய படலமே போதும், ஹெட்டின் சூடு தண்ணீருக்கு இறங்காமல் உள்ளேயே தங்கிவிடும். சூடு காட்டும் மீட்டர் முள் நடுவில் நிற்கும்போதே ஹெட் வெந்துகொண்டிருக்கும்.

ரேடியேட்டரின் தட்டைக் குழாய்களுக்குள் வழி ஓரிரு மில்லிமீட்டர்தான். அவை காறையால் சுருங்கினால், ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் பயனில்லை.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. ஜப்பான், கொரியா நாட்டு நிறுவனங்களின் கார்களுக்கான கூலண்டுகள் (தண்ணீரோடு கலந்து ரேடியேட்டரில் ஊற்றும் திரவம்) பெரும்பாலும் பாஸ்பேட் கலந்தவை. போர் தண்ணீரில் உள்ள கால்சியம் அந்தப் பாஸ்பேட்டைப் பிடித்துக் கால்சியம் பாஸ்பேட்டாக்கிக் கீழே இறக்கிவிடும். நல்ல கூலண்டை விலை கொடுத்து வாங்கிப் போர் தண்ணீரில் கலப்பவருக்குக் காறையும் கூடுகிறது, அரிப்பைத் தடுக்க வேண்டிய மருந்தும் தீர்ந்துபோகிறது. குளோரைடு தன் பங்குக்கு அலுமினியத்தில் ஊசிமுனைக் குழிகளைப் போடும். கடைசியில் ரேடியேட்டர் ஒழுகுவது அந்தக் குழி வழியாகத்தான்.

அப்படியானால் எந்தத் தண்ணீர்? ஆர்.ஓ., கேன் தண்ணீர், மழைநீர், ஏ.சி. தண்ணீர் இதெல்லாம்?

டிஸ்டில்ட் வாட்டர் அல்லது டீமினரலைஸ்டு வாட்டர். பேட்டரிக் கடையிலும் ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் ‘பேட்டரி தண்ணீர்’ என்று கேட்டால் கொடுப்பார்கள். லேபிளைப் படித்து வாங்குங்கள். பக்கத்திலேயே இருக்கும் பேட்டரி ஆசிட் வேறு பொருள்.

ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. கேன் தண்ணீரில் சுவைக்காக உப்பு திரும்பச் சேர்ப்பதும் உண்டு. ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர் குடிக்க நல்லது. காவிரியின் தாது உப்பும் குளோரினும் அதில் இருக்கும், ரேடியேட்டருக்கு வேண்டாம். மழைநீர் கூரைத் தூசியோடு வரும். ஏ.சி. குழாயில் சொட்டும் தண்ணீரும் காற்றிலுள்ள அழுக்கைக் கழுவிக்கொண்டு வருவதுதான்.

நடுவழியில் வேறு வழியே இல்லாதபோது கிடைக்கிற சுத்தமான தண்ணீரை ஊற்றலாம். வறண்ட இன்ஜினை ஓட்டுவதைவிட அது மேல். ஆனால் வீடு வந்து ஒரு வாரத்துக்குள் முழுவதும் வடித்து மாற்றிவிட வேண்டும்.

இங்கே தண்ணீர் உறைவதே இல்லை. பிறகு கூலண்ட் எதற்கு?

உறையாமல் காப்பது அதன் வேலைகளில் ஒன்றுதான். நமக்கு வேண்டியவை மற்ற இரண்டு: கொதிநிலையை உயர்த்துவது, உலோகம் அரிக்காமல் காப்பது.

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே திறந்த பாத்திரத்தில் வெறும் தண்ணீர் சுமார் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். கூலண்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் கடல் மட்டத்தில் கொதிநிலை 107, 108 டிகிரி. 1.1 பார் அழுத்தம் தாங்கும் மூடி போட்டால் அந்தக் கலவை 129 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும். அதே மூடியோடு வெறும் தண்ணீர் 121-லேயே கொதிக்கும். ஏற்றத்தில் முழு லோடோடு போகும்போது இந்த எட்டு டிகிரிதான் வண்டியைக் காப்பாற்றும். ஹெட்டுக்குள் நீராவிக் குமிழ் உண்டாகிவிட்டால் அந்த இடத்தில் குளிர்விப்பே இல்லை என்று அர்த்தம்.

கூலண்ட் அதிகம் ஊற்றினால் இன்னும் நல்லதா?

இல்லை. கூலண்டின் முக்கியப் பொருளான எத்திலீன் கிளைக்காலைவிடத் தண்ணீர்தான் அதிக வெப்பத்தைச் சுமக்கும். கலக்காத கூலண்டை அப்படியே நிரப்பினால் இன்ஜின் கூடுதலாகச் சூடேறும். இந்தப் பக்கத்துக்கு 33 முதல் 50 சதவீதம் சரியான அளவு. 30-க்குக் கீழே போனால் அரிப்புத் தடுப்பு மருந்து போதாது. 60-க்கு மேல் போக வேண்டாம். காரின் கையேட்டில் ஓர் அளவு சொல்லியிருந்தால் அதுதான் முடிவு. செறிவைப் பார்க்க ரிஃப்ராக்டோமீட்டர் நல்ல கருவி. இரண்டு சொட்டு போதும், இரண்டு நிமிட வேலை. நல்ல பட்டறை என்றால் அது இருக்க வேண்டும், கேட்டுப் பாருங்கள்.

பச்சை, சிவப்பு, நீலம்: நிறம் ஒன்றாக இருந்தால் கலக்கலாமா?

நிறம் வெறும் சாயம். எந்த நிறுவனமும் எந்தச் சாயமும் போடலாம். பார்க்க வேண்டியது உள்ளே இருக்கும் மருந்தின் வகை. பழைய வகை ஐ.ஏ.டி.: சிலிகேட் போன்ற தாது உப்புகள் கலந்தது, பொதுவாக இரண்டு வருடம் தாங்கும். ஓ.ஏ.டி. வகை கரிம அமிலங்களால் ஆனது, ஐந்து வருடம் வரை போகும். இரண்டும் சேர்ந்த ஹைப்ரிட் வகையும் உண்டு. ஜப்பானியக் கார்களில் வரும் பாஸ்பேட் வகை அதில் ஒன்று.

வகை மாற்றிக் கலந்தால் உடனே இன்ஜின் கெடாது. நீண்ட நாள் ஓட வேண்டிய கூலண்டின் ஆயுள் குறையும், சில சேர்க்கைகளில் கூழ் போலத் திரளும். டப்பாவில் ஐ.எஸ். 5759 அல்லது ஜே.ஐ.எஸ். கே 2234 என்ற தரக்குறியும், உங்கள் கார் நிறுவனம் கேட்கும் வகையும் இருக்கிறதா பாருங்கள். நிறத்தை மட்டும் சொல்லிக் கடையில் வாங்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாத பழைய காராக இருந்தால், முழுதும் கழுவிவிட்டு ஒரே வகையை நிரப்புவதே நிம்மதி.

கூலண்ட் மட்டத்தை எப்போது, எப்படிப் பார்ப்பது?

காலையில், வண்டி எடுக்கும் முன், சமமான இடத்தில். ரேடியேட்டரோடு குழாயால் இணைந்த ரிசர்வ் டப்பாவில் கூலண்ட் மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை ரேடியேட்டர் மூடியையும் திறந்து பாருங்கள், கண்டிப்பாக இன்ஜின் ஆறிய பிறகு. டப்பா நிறைந்திருந்தும் ரேடியேட்டர் காலியாக இருப்பது நடக்கிற விஷயம். மூடியின் ரப்பர் போயிருந்தால் டப்பாவிலிருந்து திரும்ப உறிஞ்சாது.

ஒரு வருடத்தில் கொஞ்சம் இறங்குவது இயல்பு. ஒரே மாதத்தில் மேல்கோட்டிலிருந்து கீழ்க்கோட்டுக்கு வந்தால் எங்கோ ஒழுகுகிறது. ஊற்றிக்கொண்டே ஓட்டாமல் இடத்தைக் கண்டுபிடியுங்கள்.

எத்தனை கிலோமீட்டருக்கு மாற்றுவது?

கையேட்டில் சொன்ன கெடு எதுவோ அது. கையேடு இல்லையென்றால், பழைய ஐ.ஏ.டி. வகைக்கு இரண்டு வருடம் அல்லது 40,000 கிலோமீட்டர், நீண்ட ஆயுள் வகைக்கு ஐந்து வருடம் என்று வைத்துக்கொள்ளலாம். இடையில் யாராவது போர் தண்ணீர் ஊற்றியிருந்தால் அந்தக் கணக்கு செல்லாது, உடனே மாற்றுங்கள். கூலண்ட் காவி நிறமாக இருந்தால் இரும்பு அரிக்கிறது. மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் அது வேறு பிரச்சினை. கீழே ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடு) பற்றிய கேள்வியைப் பாருங்கள்.

வீட்டிலேயே மாற்றலாமா? முறை என்ன?

மாற்றலாம். அரை நாள் ஒதுக்குங்கள். இன்ஜின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். வேண்டியவை: அகலமான பேசின், புனல், பத்து லிட்டர் டிஸ்டில்ட் வாட்டர், கையேட்டில் சொன்ன வகைக் கூலண்ட் கான்சென்ட்ரேட் (தண்ணீர் கலக்காதது), கையுறை.

சாவியைப் போட்டு ஹீட்டர் குமிழை முழுச் சூட்டில் வையுங்கள்; அப்போதுதான் ஹீட்டர் பாதையும் திறந்திருக்கும். மூடியைத் திறந்துவிட்டு, ரேடியேட்டரின் அடியில் உள்ள வடிகால் திருகைக் கழற்றுங்கள். பல கார்களில் அது பிளாஸ்டிக், கையால் திறக்கிற பலமே போதும். சில கார்களில் திருகே இருக்காது. கீழ் ஹோஸைக் கழற்ற வேண்டும். வடித்ததை அளந்து பாருங்கள். இந்த அளவுதான் பின்னால் கணக்குக்கு வேண்டும். ரிசர்வ் டப்பாவைக் கழற்றித் தனியாகக் கழுவுங்கள், அடியில் சேறு படிந்திருக்கும்.

பழைய கூலண்ட் தெளிவாக, அதே வகையாக இருந்தால் கழுவ வேண்டியதில்லை. பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தே விற்கும் ரெடிமிக்ஸையே நேராக நிரப்பிவிடலாம். அழுக்காக இருந்தால் டிஸ்டில்ட் வாட்டர் நிரப்பி, மேல் ஹோஸ் சூடாகும் வரை ஓடவிட்டு, இன்னும் பத்து நிமிடம் ஓட்டி, ஆறவிட்டு வடியுங்கள். தெளிவாக வரும்வரை இரண்டு மூன்று தடவை.

கழுவிய பிறகு எவ்வளவு ஊற்றுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். வடிகாலைத் திறந்தாலும் இன்ஜின் பிளாக்கில் கணிசமான பங்கு தங்கிவிடும். மொத்தக் கொள்ளளவு 5 லிட்டர், வடிந்தது 3 லிட்டர் என்றால், உள்ளே 2 லிட்டர் வெறும் தண்ணீர் இருக்கிறது. அதன் மேல் 3 லிட்டர் ரெடிமிக்ஸ் ஊற்றினால், பாதிக்குப் பாதி என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பது உண்மையில் 30 சதவீதம்தான். சரியான வழி: இரண்டரை லிட்டர் கான்சென்ட்ரேட், அதன்பின் அரை லிட்டர் டிஸ்டில்ட் வாட்டர். அப்போது மொத்தத்தில் பாதிக்குப் பாதி வரும். சிறிய பெட்ரோல் கார்களில் கொள்ளளவு நான்கைந்து லிட்டர் இருக்கும், பெரிய டீசல் வண்டிகளில் ஏழுக்கு மேல் போகும். உங்கள் காரின் கொள்ளளவு கையேட்டில் உண்டு.

மாற்றிய மறுநாளே ஹீட் ஆகிறது. ஏன்?

பெரும்பாலும் காற்று அடைத்திருக்கும். உள்ளே காற்றுக்குமிழ் தெர்மோஸ்டாட்டிலோ (கூலண்ட் சூடான பிறகே ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வு) சூடு அளக்கும் சென்சாரிலோ நின்றால், ஒரு பக்கம் கொதிக்கும்போது மறுபக்கம் முள் கீழேயே கிடக்கும். ஹீட்டர் குளிர்ந்த காற்றைக் கொடுத்தால் அதுவே அடையாளம்.

காரின் முன்பக்கம் சற்று உயரும்படி சரிவில் நிறுத்துங்கள். மெதுவாக ஊற்றுங்கள். காற்றுத் திருகு இருந்தால் குமிழ் இல்லாமல் கூலண்ட் வரும்வரை திறந்து வையுங்கள். ரேடியேட்டரில் மூடி உள்ள கார்களில், மூடியைப் போடாமல் இன்ஜினை ஓடவிட்டு, மேல் ஹோஸைக் கையால் அமுக்கி விடுங்கள். மட்டம் இறங்க இறங்க ஊற்றுங்கள். கூலண்ட் பொங்கி வரத் தொடங்கினால் மூடியைப் போட்டு, ஃபேன் இரண்டு தடவை ஓடி நிற்கும் வரை விடுங்கள். ஆறிய பிறகு மறுபடி மட்டம் பாருங்கள், அடுத்த மூன்று நாள் காலையும் பாருங்கள்.

ரேடியேட்டர் மூடி இவ்வளவு முக்கியமா? கடையில் ஏதோ ஒன்று கொடுத்தார்கள்.

மிகவும். மூடிக்குள் இரண்டு வால்வு உண்டு. ஒன்று அழுத்தம் மீறும்போது கூலண்டை டப்பாவுக்கு விடும், இன்னொன்று ஆறும்போது திரும்ப இழுக்கும். மூடியின் மேல் 0.9 அல்லது 1.1 என்று போட்டிருக்கும். 88 அல்லது 108 கிலோபாஸ்கல் என்றும் இருக்கலாம். அதே எண் வாங்குங்கள். எண் குறைந்தால் சீக்கிரம் கொதிக்கும். கூடினால் ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியும் ஹோஸும் தாங்காது. வண்டி ஆறிய பிறகு மேல் ஹோஸ் சப்பையாக உள்ளிழுத்துக் கிடந்தால், இழுக்கும் வால்வு ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம். மலிவான பாகம் இது. சந்தேகம் வந்தால் முதலில் மாற்ற வேண்டியது இதைத்தான்.

தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டால் ஹீட்டே ஆகாது என்கிறார் மெக்கானிக்.

எடுக்க விடாதீர்கள். தெர்மோஸ்டாட் 82 அல்லது 88 டிகிரி வாக்கில் திறக்கத் தொடங்கும். அது இல்லாவிட்டால் குளிர்ந்த காலையில் இன்ஜின் சூடேறவே நேரமாகும். காரின் கணினி ‘இன்ஜின் இன்னும் குளிராக இருக்கிறது’ என்று நினைத்துக் கூடுதல் பெட்ரோலைத் தெளிக்கும், மைலேஜ் குறையும், ஆயிலில் கசடு சேரும்.

இன்னும் மோசம், பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் அடித்தட்டு பைபாஸ் வழியை மூடும். அதைக் கழற்றிவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். ஒரு பகுதி கூலண்ட் ரேடியேட்டரைத் தொடாமலேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஹீட் குறைய எடுத்தவர் ஏற்றத்தில் அதிக ஹீட்டை வாங்குவார்.

சோதிப்பது எளிது. ஒரு பாத்திரத் தண்ணீரில் கம்பியில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு சூடாக்குங்கள். அதில் பொறித்திருக்கும் எண்ணில் திறக்கத் தொடங்கி, இன்னும் பத்துப் பதின்மூன்று டிகிரிக்குள் முழுதும் திறக்க வேண்டும். திரும்ப மாட்டும்போது அதிலுள்ள சின்னக் காற்றுத் துளை மேலே வரவேண்டும்.

எப்போது ஹீட் ஆகிறது என்பதை வைத்துக் காரணம் சொல்ல முடியுமா?

பெருமளவு முடியும். தருமபுரி பஸ் ஸ்டாண்ட் நெரிசலில் மட்டும் ஏறி, நெடுஞ்சாலையில் இறங்கிவிட்டால் ஃபேன் கோளாறு. நெடுஞ்சாலை வேகத்தில் காற்று தானாகவே வருவதால் ஃபேனின் குறை தெரியாது. இதற்கு நேர்மாறாக, ஊருக்குள் சரியாக ஓடி, ஏற்றத்திலோ வேகத்திலோ மட்டும் ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, அல்லது வாட்டர் பம்பு பலவீனம். பாலக்கோட்டிலும் ராயக்கோட்டையிலும் தக்காளி ஏற்றும் பிக்கப் வண்டிகளில், காலியாகப் போகும்போது ஒன்றுமில்லை, லோடு ஏற்றினால் மட்டும் ஹீட் என்பார்கள். அதுவும் இந்த வகைதான். எங்கே ஓடினாலும் ஏறினால் மட்டம் குறைவு அல்லது தெர்மோஸ்டாட். காலையில் ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல் மாதிரி விறைத்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள்.

ஃபேன் ஓடவில்லை. என்ன செய்வது?

ஏ.சி. போடுங்கள், பெரும்பாலான கார்களில் ஃபேன் உடனே ஓட வேண்டும். ஓடாவிட்டால் ஃபியூஸ், பிறகு ரிலே. ரிலேயை அதே எண்ணுள்ள இன்னொரு ரிலேயோடு மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். பிறகு மோட்டாருக்கு நேரடியாக 12 வோல்ட் கொடுத்துப் பாருங்கள். ஏ.சி.க்கு ஓடி, சூட்டுக்கு ஓடவில்லை என்றால் சென்சார் அல்லது அதன் ஒயர். வேகமாக மட்டும் ஓடி, மெதுவேகம் இல்லாவிட்டால் ரெசிஸ்டர்.

ஃபேனைச் சாவியோடு நேரடியாக ஒயர் போட்டுத் தருவார்கள். அன்றைக்கு வீடு சேரப் பயன்படும். நிரந்தரமாக வைத்தால் மோட்டார் தேயும், உண்மையான கோளாறும் மறைந்திருக்கும். கை வைக்கும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். சாவியை எடுத்த பிறகும் ஃபேன் சட்டென்று சுற்றும்.

இன்ஜின் பெல்ட்டில் ஓடும் ஃபேன் உள்ள டீசல் வண்டிகளில் நடுவில், சூடேறினால் ஃபேனை இறுகப் பிடித்துச் சுற்றவைக்கும் விஸ்கஸ் கப்ளிங் இருக்கும். அதன் முகப்பில் எண்ணெய் கசிந்த தடம் தெரிந்தாலோ, சூடான இன்ஜினை அணைத்தபின் கையால் சுற்றினால் தடையே இல்லாமல் சுற்றினாலோ அதை மாற்ற வேண்டும்.

ரேடியேட்டரை வெளியே எப்படிச் சுத்தம் செய்வது?

இந்தப் பக்கம் இதற்குத் தனிக் கவனம் வேண்டும். அறுவடைக் காலத்தில் கேழ்வரகுக் கதிரையும் கொள்ளுச் செடியையும் ரோட்டில் பரப்பி வைப்பார்கள். வண்டிகள் ஏறி ஓடினால் மணி உதிரும். அதன் மேல் ஓட்டினால் சுணையும் உமியும் பறந்து நேராக முன் கிரில்லுக்குள் போகும். குவாரிப் பாதைகளில் கல்தூள். முதலில் அடைபடுவது முன்னால் நிற்கும் ஏ.சி. கண்டென்சர். அதற்கும் ரேடியேட்டருக்கும் இடையில் உள்ள விரலளவு இடைவெளியில் சேறும் உமியும் அடை அடையாகச் சேர்ந்திருக்கும். முன்னாலிருந்து பார்த்தால் பளிச்சென்றுதான் தெரியும், ஏமாந்துவிடாதீர்கள். டார்ச் அடித்து மேலிருந்து இடைவெளிக்குள் பாருங்கள்.

சாதாரண ஹோஸ் தண்ணீரால், இன்ஜின் பக்கமிருந்து வெளிநோக்கிக் கழுவுங்கள். வாட்டர் வாஷ் கன்னை நெருக்கமாக அடித்தால் மெல்லிய ஃபின்கள் மடிந்து, இருந்த காற்றுவழியும் அடைபடும். மடிந்தவற்றை ஃபின் சீப்பால் நிமிர்த்தலாம். இன்ஜின் சூடாக இருக்கும்போது இந்த வேலை வேண்டாம். செடி, வைக்கோல் மேல் ஓட்டிய அன்று வண்டிக்கு அடியில் சைலன்சரையும் குனிந்து பாருங்கள். சுற்றிக்கொண்ட வைக்கோல் தீப்பிடிக்கும்.

மஞ்சள் தூள் போட்டால் ஒழுகல் நிற்கும் என்கிறார்களே?

நிற்கலாம், சில நாள். துளைக்குப் போகும் அதே தூள்தான் ரேடியேட்டரின் ஓரிரு மில்லிமீட்டர் குழாய்க்கும், காருக்குள் சூடு கொடுக்கும் ஹீட்டர் கோருக்கும் போகிறது. பட்டறையில் விற்கும் ஸ்டாப்-லீக்கும் கொள்கையளவில் இதுதான். நடுக்காட்டில் மாட்டிக்கொண்டு, பழைய பித்தளை ரேடியேட்டர் வண்டியை ஊர் சேர்க்க வேண்டிய நிலை தவிர வேறெதற்கும் வேண்டாம். பிளாஸ்டிக் தொட்டி விரிசலில் எம்-சீல் பூசுவதும் அப்படியே. நூறு டிகிரி சூட்டிலும் ஒரு பார் அழுத்தத்திலும் அது நம்பும்படி ஒட்டாது.

காறையைக் கரைக்கக் கழிவறை ஆசிட் ஊற்றும் வழக்கமும் இருக்கிறது. அலுமினியத்தை அது கரைத்தே விடும்.

பற்றவைப்பதா, புதிது மாற்றுவதா?

செம்பு-பித்தளை ரேடியேட்டர் என்றால் பட்டறையில் ஈயம் பற்றவைத்து, தொட்டியைக் கழற்றிக் குழாய்களில் கம்பி விட்டுச் சுத்தம் செய்யலாம்; பழைய ஜீப், டிராக்டர்களில் இன்றும் இது நல்ல வேலை. அலுமினியக் கோரும் (குழாய்களும் ஃபின்களும் சேர்ந்த நடுப்பகுதி) பிளாஸ்டிக் தொட்டியும் உள்ள இன்றைய காரில், தொட்டியின் ரப்பர் சீலில் மட்டும் கசிந்தால் அதை மாற்றி மறுபடி மடக்கித் தருவார்கள். கோரில் துளை, அல்லது ஹோஸ் மாட்டும் கழுத்தில் விரிசல் என்றால் புதிது வாங்குவதே சிக்கனம்.

புதிதை வாங்கும்போது பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள். கோரின் கனம், தொங்கும் காதுகள், ஹோஸ் கழுத்தின் விட்டம் ஒப்பிடுங்கள். ஆட்டோமேட்டிக் கார்கள் பலவற்றில் ரேடியேட்டர் தொட்டிக்குள்ளேயே கியர் ஆயில் கூலர் இருக்கும். மேனுவல் மாடல் அதற்குப் பொருந்தாது.

புதிது போட்டும் ஒரே வருடத்தில் துளை விழுகிறதா? மல்டிமீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும், சிவப்பு முனையை உலோகத்தில் படாமல் கூலண்டிலும் வையுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், கூலண்டின் மருந்து தீர்ந்திருக்கிறது அல்லது எர்த் ஒயர் சரியில்லை. அதைச் சரிசெய்யாமல் அடுத்த ரேடியேட்டர் வாங்காதீர்கள்.

ரேடியேட்டர் மாற்றும்போது எதில் கவனம்?

பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, கூலண்டை வடித்து, மேல் கீழ் ஹோஸ்களை எடுங்கள். ஒட்டிக்கொண்ட ஹோஸை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் பிளாஸ்டிக் கழுத்து உடையும். திருகி அசைத்து எடுங்கள், பழைய ஹோஸ் என்றால் அறுத்தே எடுங்கள். ஃபேனை அதன் கூண்டோடு கழற்றுங்கள். கண்டென்சர் ரேடியேட்டரில் மாட்டியிருந்தால் போல்ட்டை மட்டும் எடுத்துக் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள். ஏ.சி. குழாய்களைத் திறக்கவே கூடாது, கேஸ் முழுவதும் போய்விடும். அடியில் இருக்கும் ரப்பர் தாங்கிகள் பழையதோடு ஒட்டிக்கொண்டு வரும். அவற்றைப் புதியதற்கு மாற்ற மறந்தால், குலுங்கிக் குலுங்கித் தொட்டி விரிசல் விடும்.

ஹோஸ்கள் நான்கைந்து வருடம் ஆனவை என்றால் அவற்றையும் மாற்றிவிடுங்கள். கிளிப் அருகே ஊதியிருந்தாலும், அமுக்கினால் நறநறவென்றாலும் அதன் காலம் முடிந்தது. நிறுவனம் போட்ட ஸ்பிரிங் கிளிப்பைத் தூக்கி எறியாதீர்கள். சூட்டில் விரிந்து சுருங்கும் ஹோஸோடு அதுவும் சேர்ந்து இறுக்கும். திருகு கிளிப்பை அளவுக்கு மீறி இறுக்கினால் கழுத்து நசுங்கும். வேலை முடிந்ததும் பிரஷர் டெஸ்டரால் மூடியின் அளவுக்குக் காற்றழுத்தம் ஏற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் பாருங்கள். முள் இறங்காவிட்டால் கசிவு இல்லை.

தொப்பூரில் ஏறும்போது முள் சிவப்பை நோக்கிப் போகிறது. அந்த நேரத்தில் என்ன செய்ய?

ஏ.சி.யை அணையுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில், பிளோயரை முழு வேகத்தில் வையுங்கள். உள்ளே வெந்துபோகும்தான், ஆனால் ஹீட்டர் கோர் ஒரு சின்ன ரேடியேட்டர். இன்ஜினின் சூட்டை அது இழுக்கும். கியரைக் குறைத்து, ஆக்சிலேட்டரை அழுத்தாமல், லாரிகள் உரசாத அகலமான ஓரத்தைப் பாருங்கள். வளைவில் நிற்க வேண்டாம். ஹசார்டு விளக்கு போட்டு, எல்லோரும் தடுப்புக்கு அப்பால் நில்லுங்கள்.

ஆவி வந்தாலோ முள் சிவப்பைத் தொட்டாலோ உடனே இன்ஜினை அணையுங்கள். ஆவி இல்லை, முள் சற்றுத்தான் உயர்ந்திருக்கிறது என்றால் நியூட்ரலில் சிறிது நேரம் ஓடவிட்டு இறங்குகிறதா பார்க்கலாம். மூடியைத் தொடாதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் நூறு டிகிரிக்கு மேலான கூலண்ட் முகத்தில் பீய்ச்சும். குறைந்தது முக்கால் மணி நேரம், மேல் ஹோஸைக் கையால் அமுக்க முடியும் வரை காத்திருங்கள். சூடான இன்ஜின் மேல் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் ஹெட் விரிசல் விடும். முள் திடீரென்று கீழே விழுந்தாலும் மகிழாதீர்கள். கூலண்ட் சென்சாருக்குக் கீழே இறங்கியிருக்கலாம். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033.

‘இன்னும் நாலு கிலோமீட்டர்தானே’ என்று ஓட்டிய வண்டிகளில்தான் ஹெட் வளைகிறது. ரேடியேட்டர் ஹோஸில் முடிந்திருக்க வேண்டிய செலவு, ஹெட் ஃபேஸிங் (வளைந்த ஹெட்டைச் சீவிச் சமமாக்குவது), கேஸ்கெட், சில நேரம் முழு இன்ஜின் என்று போகும்.

ஹெட் கேஸ்கெட் போய்விட்டதா என்று எப்படித் தெரியும்?

வெளியே ஒரு சொட்டும் ஒழுகாமல் கூலண்ட் குறையும். சைலன்சரில் இனிப்பு வாடையுடன் வெள்ளைப் புகை நிற்காமல் வரும் (குளிர்காலக் காலையில் ஓரிரு நிமிடம் வரும் வெறும் ஆவி இது இல்லை). ஆயில் மூடிக்கு அடியில் பால்கோவா நிறத்தில் குழம்பு படியும். ரேடியேட்டரில் குமிழ் இடைவிடாமல் வரும். உறுதிசெய்ய ‘பிளாக் டெஸ்ட்’ கேளுங்கள்: ரேடியேட்டர் வாயிலிருந்து வரும் காற்றை நீல நிற மருந்துக்குள் இழுப்பார்கள். எரிந்த வாயு கலந்திருந்தால் மருந்து மஞ்சளாகும். அதைப் பார்க்காமல் ஹெட்டைத் திறக்கச் சம்மதிக்காதீர்கள்.

பழைய கூலண்டை எங்கே கொட்டுவது?

தோட்டத்திலோ சாக்கடையிலோ கூடாது. எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுள்ள விஷம். நாய், பூனை, ஆடு தானாக வந்து நக்கும். பத்துக் கிலோ நாய்க்கு, கலக்காத கூலண்ட் ஐம்பது மில்லியே உயிரைப் பறிக்கப் போதும். பூனைக்கு இன்னும் மிகக் குறைவு. வடிக்கும்போது பேசினைத் திறந்து வைத்துவிட்டு நகராதீர்கள். சிந்திய இடத்தில் மணலோ மரத்தூளோ போட்டு அள்ளி, பிறகு தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பழையதைக் கேனில் அடைத்து, மேலே பெரிதாக எழுதி, கழிவு ஆயில் சேகரிக்கும் சர்வீஸ் சென்டரிடம் கேட்டுக் கொடுங்கள். ஆயிலோடு கலக்க வேண்டாம்.

குடிநீர் பாட்டிலில் கூலண்டை ஊற்றி வைக்கவே கூடாது. குழந்தை குடித்துவிட்டால் ஆரம்பத்தில் போதை ஏறியது மாதிரி தள்ளாடுவது மட்டும்தான் தெரியும். சிறுநீரகம் கெடுவது பிறகு. வாந்தி எடுக்க வைக்காமல், அறிகுறிக்காகக் காத்திருக்காமல், 108-ஐ அழைத்து தருமபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். இதற்கு மாற்று மருந்து உண்டு. எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறார்களோ அவ்வளவு நல்லது. கூலண்ட் டப்பாவையும் எடுத்துச் செல்லுங்கள், லேபிளில் உள்ள பெயரை மருத்துவர் பார்க்க வேண்டும்.